டஜனுக்குப் பன்னிரண்டு கட்டம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பகுதியில், மேஜைமேல் ஒரு பலகை கிடக்கும். நாலடிக்கு மூன்றடி பிளைவுட். அதில் கறுப்பு மார்க்கரால் பன்னிரண்டு கட்டம் போட்டிருக்கும். பாலி பையில் போட்டு மூடிய குழந்தைகள் டி-ஷர்ட்டைக் கட்டத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே வர வேண்டும். வெறும் கட்டம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றால் ஒரு டஜன் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அள்ளி அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிவிட்டு மறுபடி முதல் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அந்த மேஜையில் நிற்கும் இளைஞருக்கு நாலுக்கு மேல் எண்ண வராது. ஆனால் அவர் நிரப்பிய பெட்டியில் ஒரு பீஸ் குறைந்தது என்றோ கூடியது என்றோ இதுவரை பேச்சு வந்ததில்லை.

பலகையைச் செய்து கொண்டுவந்து வைத்தவரை அந்தக் கம்பெனியில் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரு வேலையைப் பழக்கி, அந்த வேலைக்கு ஓர் இடம் தேடி, கிடைத்த இடம் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது அவருடைய தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேல் இதையே செய்துவருகிறார். வெளியூர்க் கருத்தரங்குகளில் இதை ‘ஜாப் கோச்’ என்கிறார்கள். அவருடைய சம்பளப் பதிவேட்டில் ‘தொழிற்பயிற்சி ஆசிரியர்’ என்று இருக்கிறது.

பலகைக்கு முன்னால் பதினைந்து நாள் வீணாகப் போயிருந்தது. மேஜைக்குப் பக்கத்தில் நின்று டீச்சர் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சொல்லிக்கொடுப்பார். பையனும் கூடவே சொல்வான். வாய் ஒரு வேகத்தில் போகும், கை வேறு வேகத்தில் போகும். வாய் பன்னிரண்டுக்கு வந்து நிற்கும்போது மேஜையில் ஒன்பது பீஸ்தான் இருக்கும். சில நேரம் பதினான்கு. சிறப்புப் பள்ளியில் அவனுக்கு ஒன்பது வருஷம் மணி கோத்து, குச்சி அடுக்கி எண்கள் சொல்லித் தந்திருந்தார்கள். “ஒன்பது வருஷத்துல வராதது பதினஞ்சு நாள்ல வந்துரும்னு நான் நெனச்சதுதான் தப்பு” என்கிறார் டீச்சர். மூன்றாவது வாரம், திங்கட்கிழமை காலை டீ வந்தது. டீக்கடைப் பையன் கையில் கம்பியால் செய்த கிளாஸ் தூக்கு. எட்டு வளையம், எட்டு கிளாஸ். அவன் எண்ணவே இல்லை. திரும்பக் கிளாஸ்களைச் சேகரிக்கும்போது ஒரு வளையம் காலியாக இருக்கவே, “இன்னொரு கிளாஸ் எங்கண்ணா?” என்று கேட்டான். அன்று சாயங்காலமே டீச்சர் தச்சுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மார்க் கோல்ட் என்ற அமெரிக்கரின் பெயர் தெரிந்திருக்கும். 1970-களின் தொடக்கத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். மாற்றுத்திறனாளிகளுக்கென நடக்கும் பாதுகாப்புப் பட்டறைகளில் இருந்த, அறிவுசார் குறைபாடுள்ள 64 பேரை எடுத்துக்கொண்டு, சைக்கிள் பின்சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். பதினைந்து உதிரிப் பாகங்கள். சரியான வரிசையில் சேர்க்காவிட்டால் பிரேக் பிடிக்காது. அவர்களுக்கு வராது என்று எல்லோரும் நினைத்த வேலை அது. வந்தது. கற்றுக்கொள்ளவில்லை என்றால் மாணவனைக் குறை சொல்லாதே, வேறு வழியில் கற்றுக்கொடுத்துப் பார் என்பதுதான் அவர் விட்டுப்போன பாடம். டிப்ளமோ படிக்கும்போது டீச்சர் அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தார். அது புரிந்தது கிளாஸ் தூக்கைப் பார்த்த அன்றைக்குத்தான்.

பனியன் கம்பெனிகளின் படியேறுவதற்கு முன்பு அவர் ஒரு சிறப்புப் பள்ளியின் தொழிற்பிரிவில் இருந்தார். தமிழ்நாட்டில் அநேகமாக எந்த ஊர் சிறப்புப் பள்ளிக்குப் போனாலும் பின்கட்டில் அந்தப் பிரிவு இருக்கும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் நீளமான மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். காகித உறை, ஃபினாயில், மெழுகுவத்தி, மிதியடி, பாக்குமட்டைத் தட்டு. அவர் அங்கிருந்து கிளம்பிய பிறகு, 2019 ஜனவரியில் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை போட்டபோது மருந்துக் கடைகளிலிருந்து காகித உறை கேட்டு ஆட்கள் வந்தார்கள். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியதும் துணிப்பைக்குக் கொஞ்ச நாள் கிராக்கி. மற்றபடி தீபாவளிக்கு அகல் விளக்கு, புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டை. வாங்குகிறவர்கள் பாதிப் பேர் இரக்கப்பட்டு வாங்குவார்கள். மாதக் கடைசியில் பிள்ளைகள் கையில் சில நூறு ரூபாய் ஊக்கத்தொகை வரும்.

அந்தப் பிரிவைக் குறைத்துப் பேசக் கூடாது. வீட்டுத் திண்ணையில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டியவர்களுக்குப் போக ஓர் இடமும், பேச நாலு பேரும் அங்கேதான் கிடைத்தார்கள். இருந்தாலும் அங்கே இருந்த காலத்தில் ஒருநாள் வருகைப் பதிவேட்டைப் புதிய நோட்டுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தபோது டீச்சருக்கு மனசு கனத்துப்போனது. பதினொரு வருஷமாக அதே பெயர்கள். ‘பயிற்சி’ என்று பெயர் வைத்த இடத்தில் பயிற்சி முடித்தவர் என்று ஒருவர்கூட இல்லை. இரண்டு பெயர்கள் மட்டும் குறைந்திருந்தன. அவர்கள் இறந்துபோனவர்கள்.

திருப்பூரில் தெருவுக்குத் தெரு ‘ஆட்கள் தேவை’ என்று பலகை தொங்கும். டெய்லர், செக்கிங், அயனிங், கைமடி, பேக்கிங், ஹெல்பர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி ஆட்கள் வந்து இறங்குகிற ஊர். இங்கே ஆளுக்குப் பஞ்சம், அங்கே வேலைக்குப் பஞ்சம், இடையில் இரண்டு கிலோமீட்டர்தான் தூரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு டீச்சர் கிளம்பினார். முதல் ஆறு மாதத்தில் ஏறி இறங்கிய கம்பெனிகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, நன்கொடைக்கு ரசீது புத்தகம் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். நன்கொடை வேண்டாம், வேலை வேண்டும் என்றதும் பேச்சு மாறிவிடும்.

பேச்சு மாறுவதற்கு முக்கியமான காரணம் ஒரு காகிதம். மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாட்டின் அளவைச் சதவீதத்தில் போடுவார்கள். லேசான குறைபாடு 50 சதவீதம் என்று பதிவாகும். நடுத்தரமானதற்கு 75 சதவீதம். கடுமையானதற்கு 90, அதையும் தாண்டினால் 100. அரசு உதவிகளைப் பிரித்துக் கொடுக்க வசதியாகப் போட்ட அளவுகோல் இது. வேலைக்குச் சேர்க்கும் அலுவலர் அதை வேறு மாதிரிப் படிக்கிறார். “எழுபத்தஞ்சு சதவீதம் மூளை வேலை செய்யாதுன்னா எப்படிங்க டீச்சர் மெஷின் பக்கத்துல நிக்க வைக்கிறது?” என்று ஒருவர் நிஜமான கவலையோடு கேட்டார். அவரைத் திட்டிப் பயனில்லை. காகிதத்தில் அப்படித்தானே இருக்கிறது. அதற்குப் பிறகு டீச்சர் சான்றிதழை முதலில் நீட்டுவதை விட்டுவிட்டார். ஒரு டி-ஷர்ட்டோடு பையனைக் கூட்டிக்கொண்டு போய், “மடிச்சுக் காட்டு சாமி” என்பார். சான்றிதழ் பிறகு வரும்.

சட்டம் இவர்கள் பக்கம்தான் இருக்கிறது, ஏட்டளவில். 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு தந்தது. பார்வை, செவி, கைகால் ஆகிய மூன்று வகைக்கும் ஒவ்வொன்று. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அதில் பங்கே கிடையாது. 2016-ஆம் ஆண்டின் சட்டம் அடுத்த வருஷம் ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது ஒதுக்கீடு 4 சதவீதமானது. கூடிய அந்த ஒரு சதவீதத்தை அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு என்று எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்த வரிசையில் பட்டம் வாங்கியவர்களும் நிற்கிறார்கள். எழுத்துத் தேர்வு ஒன்றுதான் வாசல் என்றால், எட்டாம் வகுப்புச் சான்றிதழ்கூட இல்லாமல் சிறப்புப் பள்ளியிலிருந்து வெளியே வந்தவர் வாசலிலேயே நின்றுபோவார். டீச்சருக்குத் தெரிந்து அவருடைய பிள்ளைகள் யாரும் அந்த வழியில் உள்ளே போகவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் சுமார் 15 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம்.

தனியாருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. ஊழியர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி ஊக்கச் சலுகை தரலாம் என்று அதே 2016 சட்டம் அரசுக்குச் சொல்கிறது. 2008 ஏப்ரலில் ஒரு மத்திய திட்டம் வந்தது. மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் மாற்றுத்திறனாளியைப் புதிதாகச் சேர்த்தால், முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பங்கை முதல் மூன்று வருஷம் அரசே கட்டும் என்று அது அப்போது சொன்னது. டீச்சர் சந்தித்த முதலாளிகளில் இதைக் கேள்விப்பட்டிருந்தவர் ஒருவர்கூட இல்லை. கணக்குப் பார்க்கும் ஆடிட்டர்களுக்கே அவர் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார்.

கூலி விஷயத்தில் பழைய சட்டமே ஒரு சந்து வைத்திருந்தது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், உடல் மன இயலாமை உள்ள தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியிலிருந்து விலக்குத் தர அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே மாதிரி ஒரு பிரிவு உண்டு. பேக்கிங் காண்ட்ராக்டர் யாரும் சட்டம் படித்துவிட்டு வருவதில்லை. ஆனாலும் பையனைப் பார்த்ததும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை “பாதிக் கூலி போட்டுக்கலாங்க” என்பதுதான். டீச்சர் அதற்குச் சண்டை போடவில்லை. ஒரு வாரம் பக்கத்து மேஜையோடு சேர்த்து டஜன் கணக்கு எழுதினார். பக்கத்து மேஜை பத்து டஜன் கட்டுகிற நேரத்தில் இவன் எட்டு டஜன் கட்டியிருந்தான். “அப்ப எட்டுக்கான கூலியைக் குடுங்க, அஞ்சுக்கானதைக் குடுக்காதீங்க.” காண்ட்ராக்டர் கொடுத்தார். ஒரு வருஷத்தில் அந்த எட்டு ஒன்பதரை ஆனது.

வேலையைப் பழக்குவதைப் பற்றிச் சொல்ல டீச்சரிடம் அதிகம் இல்லை. அது பெரிய காரியமில்லை என்பார். டி-ஷர்ட்டைக் குப்புறப் போடு. கழுத்துப்பட்டிக்குக் கீழே அட்டையை வை. இடது பக்கத்தை மடி, கையைத் திருப்பிப் போடு. வலது பக்கம் அதே மாதிரி. கீழிருந்து மேலே ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. திருப்பு. கழுத்தை நீவிவிடு. டேக் வெளியே தெரிகிறதா பார். பையில் நுழை. ஸ்டிக்கர் ஒட்டு. இப்படிப் பதினேழு படி. எழுத்துத் தெரியாதவருக்கு எஸ், எம், எல் என்பது எழுத்தில்லை, உருவம். டேக்கில் இருக்கும் உருவமும் ஸ்டிக்கரில் இருக்கும் உருவமும் ஒன்றா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுப்பது அவர் பழக்கம். பதினாறு படியைத் தானே செய்து, மூடுகிற வேலையை மட்டும் பையனிடம் விடுவார். முடித்த பீஸ் தன் கையிலிருந்து போகிறது என்ற சந்தோஷம் அவனுக்கு முதல் நாளே கிடைத்துவிடும். பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னால் போய் விட்டுக்கொடுப்பார். மூன்று வாரம், அதிகம் போனால் ஐந்து வாரம்.

பிறகு ஏன் வேலை போகிறது? அவர் சேர்த்துவிட்டவர்களில் வேலை தெரியாததால் வெளியே வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் மேஜைக்கு வெளியே நடந்தவற்றால் வேலையை இழந்தவர்கள்.

ஒருநாள் மத்தியானம் ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. பையன் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை, வேலையே செய்யாமல் நிற்கிறான், கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். டீச்சர் போய்ப் பார்த்தபோது அவன் லிஃப்ட் பக்கத்தில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். முகம் வியர்த்திருந்தது. கேட்டதற்கு, “நிக்கச் சொன்னாங்க” என்றான். காலையில் சரக்கு இறக்கும்போது, அன்றைக்குத்தான் வந்திருந்த புது சூப்பர்வைசர் “அஞ்சு நிமிஷம் அங்க நில்லு தம்பி” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பழைய சூப்பர்வைசராக இருந்தால் வந்து தோளில் தட்டி “வா” என்று கூப்பிட்டிருப்பார். புதியவர் மறந்துவிட்டார். அவன் மூன்றரை மணி நேரம் நின்றிருக்கிறான். சாப்பாட்டு மணி அடித்தும் நகரவில்லை. கடிகாரம் பார்க்கத் தெரியாதவனுக்கு ஐந்து நிமிஷம் எப்போது முடியும் என்று யார் சொல்வது? சொன்ன சொல்லை அவ்வளவு நேரம் காப்பாற்றியவனுக்கு ‘பேச்சுக் கேட்கவில்லை’ என்ற பட்டம். அந்த வாரமே அவனை நிறுத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து டீச்சர் தன் வேலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பையனுக்கு மூன்று வாரம் என்றால், அவனைச் சுற்றி இருப்பவர்களுக்கு மூன்று மாதம். சூப்பர்வைசரிடம் சொல்வார்: ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். ‘அங்கே’, ‘அப்புறம்’, ‘கொஞ்சம்’ என்று சொல்லாதீர்கள். கையைக் காட்டி, பொருளைக் காட்டிச் சொல்லுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்து மேஜையில் நிதானமான ஓர் அக்காவைத் தேடிப் பிடிப்பார். எந்தக் கம்பெனியிலும் அப்படி ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். அதிகாரம் இருக்காது, ஆனால் அவர் சொன்னால் லைன் கேட்கும். பையனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதற்குப் பயப்படுவான், கோபம் வந்தால் எங்கே போய் உட்கார்ந்தால் அடங்கும் என்பதையெல்லாம் அந்த அக்காவிடம் ஒப்படைப்பார். சூப்பர்வைசர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறுவார்கள். அக்காக்கள் இருப்பார்கள்.

டீ இடைவேளை இன்னொரு கண்டம். பத்து நிமிஷம் மெஷின் நின்றதும் ஆட்கள் விளையாட்டுக்கு ஆள் தேடுவார்கள். “அந்த அம்மணியைக் கட்டிக்கிறயா?” என்று கேட்டு, அதை அந்தப் பெண்ணிடமே போய்ச் சொல்ல வைப்பார்கள். சொல்லி முடித்ததும் புகார். சொல்லச் சொன்னவர்கள் யாரும் சாட்சிக்கு வரமாட்டார்கள். நல்ல கைவேலைக்காரன் ஒருவன் இப்படித்தான் வேலையை இழந்தான். மேஜையில் அவன் பக்கம் ஒரு தவறும் இல்லை.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண், பிசிறு வெட்டுவதில் கெட்டிக்காரி, திடீரென்று மந்தமானாள். உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். சோம்பேறித்தனம் என்றார்கள்; வீட்டிலும் அதையே சொல்லித் திட்டினார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவது சகஜம் என்பது டீச்சருக்குத் தெரியும். ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது அதுதான். மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் பழைய கத்தரி திரும்பி வந்தது. அறிவுசார் குறைபாட்டோடு வலிப்பும் இருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒன்றரை ஷிஃப்ட் போடும்போது தூக்கம் கெடும், மாத்திரை நேரம் தப்பும், வலிப்பு வரும். கம்பெனித் தரையில் ஒரே ஒரு முறை வந்துவிட்டால் போதும், மறுநாள் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் வலிப்பு உள்ள பிள்ளையைச் சேர்க்கும் அன்றே டீச்சர் லைனைக் கூட்டிவைத்துப் பேசிவிடுவார். சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், மணி பாருங்கள்; ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-க்குக் கூப்பிடுங்கள். வந்த பிறகு சொன்னால் மன்னிப்புக் கேட்பதாகிவிடும். முன்னாலேயே சொன்னால் பாடமாகிவிடும் என்று அவர் கண்டுகொண்டிருக்கிறார்.

சம்பளம்கூட ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் கூலி. உறையில் பணம் வரும், பையன் அதைச் சட்டைப் பையில் வைத்து, கையால் பொத்திக்கொண்டே வீட்டுக்குப் போய் அம்மா கையில் கொடுப்பான். அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுப்பார். வாரம் முழுக்க அவன் நின்றது அந்த ஒரு நிமிஷத்துக்காக. 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கம்பெனி எல்லோரையும் வங்கிக் கணக்குக்கு மாற்றியது. இரண்டு சனிக்கிழமை உறை வரவில்லை. மூன்றாவது வாரம் அவன் வேலைக்குக் கிளம்ப மறுத்துவிட்டான். காசு கொடுக்காத இடத்துக்கு எதற்குப் போக வேண்டும்? அவன் கேட்டது நியாயம்தான்.

வங்கியில் வேறு தொல்லை. பதினெட்டு முடிந்தவருக்குக் கையெழுத்து ஒரே மாதிரி வராது, ரேகை வைத்தால் விளக்கம் கேட்பார்கள், பெற்றோர் கையெழுத்துச் செல்லாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று வாங்கி வந்தால் கணக்குத் தொடங்கலாம். அம்மா கூலி வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள் ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைவார்? டீச்சர் கூடவே அலைந்தார். கணக்கு வந்தது. அப்புறம் சனிக்கிழமை தோறும் ஏ.டி.எம். வாசலில் அம்மாவும் மகனும் சேர்ந்து நின்று எடுத்து, அதை ஓர் உறையில் போட்டு அவன் கையிலேயே கொடுத்தார்கள். உறை கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கியது. பழைய மாதிரியே இருக்க வேண்டும் என்பதற்காக.

பெற்றோரைத் தாண்டி யாரும் வேலைக்குப் போக முடியாது. அவர்கள் பயத்தை டீச்சர் ஒருநாளும் அலட்சியப்படுத்தியதில்லை. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய் வருகிறது. பிள்ளை சம்பாதிக்கிறான் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்களோ என்று பயம். மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு தகப்பனார் நேரடியாகவே சொன்னார்: “எனக்கப்புறம் அவனுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும் டீச்சர். இவன் வேலைக்குப் போறான்னு பதிவாச்சுன்னா அது போயிரும். நீங்க குடுக்குற வேலை எத்தனை வருஷத்துக்கு?” அவருக்குப் பதில் சொல்ல டீச்சரிடம் அன்றைக்கு எதுவும் இல்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. மாற்றுத்திறனாளி மகனோ மகளோ பெறும் மொத்த வருமானம், இறந்த ஊழியர் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்குரிய அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குள் இருந்தால் வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. சேதி வந்ததும் டீச்சர் அந்த ஆணையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். தகப்பனார் மூன்று முறை படித்தார். கணக்குப் போட்டுப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை மகனை அனுப்பினார். அதற்குள் மகனுக்கு வயது 34.

பெண் பிள்ளைகளை அனுப்புவது இன்னும் பாரம். “யாராச்சும் ஏதாச்சும் பண்ணிட்டா இவளுக்குச் சொல்லக்கூடத் தெரியாதே” என்று தாய்மார்கள் அழுவார்கள். அது வெறும் கற்பனைப் பயம் என்று டீச்சர் ஒருநாளும் சொல்லமாட்டார். மடிப்பதைப் பழக்குவதற்கு முன்னால் ‘வேண்டாம்’ என்று சத்தமாகச் சொல்வதைப் பழக்குவார். யாராவது தொட்டால் எந்த அக்காவிடம் ஓட வேண்டும் என்று நடந்தே போய்க் காட்டுவார். பெண்கள் மட்டும் இருக்கும் லைனாகத் தேடுவார். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் சேர்க்கமாட்டார். இதனால் அவர் வேலை வாங்கிக்கொடுத்தவர்களில் பெண்கள் குறைவு. அது அவருக்குத் தீராத வருத்தம்.

2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு ஊரடங்கு அறிவித்தபோது டீச்சர் சேர்த்துவிட்டவர்களில் பத்தொன்பது பேர் வேலையில் இருந்தார்கள். கம்பெனிகள் மெல்லத் திறந்தபோது பழைய ஆட்களைப் போன் போட்டு அழைத்தார்கள். சொந்தமாகப் போன் இல்லாதவர்களை யார் அழைப்பது? பலர் வீட்டில் காலை எட்டு மணிக்குச் சட்டை மாட்டி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஏன் போகக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. சிலர் மூன்று மாதத்தில் பழக்கம் விட்டுப்போய், பேச்சும் குறைந்து, முடங்கிக்கொண்டார்கள். பத்தொன்பதில் திரும்பிப் போனவர்கள் ஏழு பேர். மற்றவர்களுக்காக டீச்சர் திரும்பவும் முதல் படியிலிருந்து, திரும்பவும் கேட் வாசலிலிருந்து தொடங்கினார். இப்போது பதினான்கு.

அவருக்குக் கீழே ஆள் கிடையாது. ஒருவரை வேலையில் சேர்த்தால் ஒரு வருஷமாவது வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பயிற்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் சான்றிதழ் கொடுத்த நாளோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை பேருக்கு வேலை என்று படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும். அடுத்த வருஷமும் வேலையில் இருக்கிறாரா என்று கேட்கும் கட்டம் இருக்காது. தனக்கு யாராவது ஒரு கோரிக்கை வைக்க வாய்ப்பளித்தால் அந்த மூன்றாவது கட்டத்தைத்தான் கேட்பேன் என்கிறார்.

போன மாதம் பலகை இருக்கும் கம்பெனிக்கு அவர் அவசரமாகப் போனார். வெளிநாட்டு பையர் மாறிவிட்டார், இனி பெட்டிக்கு ஆறு பீஸ்தான் என்று அரசல்புரசலாகக் காதில் விழுந்திருந்தது. பன்னிரண்டுக்குப் பழகிய கையை ஆறுக்கு மாற்றுவது லேசில்லை. பழைய பழக்கம் வலுவாக இருந்தால் அழுகையும் கோபமும் வரும். இரண்டு நாள் கூடவே நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு போயிருந்தார்.

மேஜைமேல் அதே பலகை. கீழ்ப்பாதி ஆறு கட்டங்களை மறைத்துப் பழுப்பு நிறப் பேக்கிங் டேப் நெருக்கமாக, ஓரம் பிசிறில்லாமல் ஒட்டியிருந்தது. மேல்பாதியில் ஆறு கட்டம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பையன், இப்போது முப்பதை நெருங்கிவிட்ட ஆள், ஐந்தாவது கட்டத்தில் பீஸை வைத்துக்கொண்டிருந்தார். யார் ஒட்டியது என்று கேட்டதற்குப் பக்கத்து மேஜை அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “திங்கக்கிழமை காலையில ஒட்டுனனுங்க டீச்சர். ஒரு மணி நேரம் முணுமுணுத்துட்டே இருந்தாப்ல. அப்புறம் சரியாயிருச்சு. உங்களுக்கு எதுக்குப் போன் போட்டுத் தொந்தரவு பண்றதுன்னு விட்டுட்டனுங்க.”

டீச்சர் டேப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். அட்டைப்பெட்டிக்குப் போகும் வழியை அவர் மறித்துக்கொண்டிருந்தார்.

“தள்ளுங்க டீச்சர்” என்றார் அந்த ஆள். “லோடு வண்டி வந்துருச்சு.”